லெஃப்ட் சைடு கம்மி

செவ்வாய்க்கிழமை காலையில் சாவியோ எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. முந்தின நாள் தலைக்குக் குளித்திருந்தான், தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தான். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினான். எதுவும் வெளியே வரவில்லை. பக்கத்து அறையில் பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போல ஒரு ரீங்காரம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, காலங்காத்தால குதிச்சிகினு கீறே?" என்றாள் மெர்லின், டிபன் பாக்ஸை மூடியபடி.

"காதுல தண்ணி பூந்துகிச்சி. ஒண்ணியும் இல்ல."

ராயபுரத்தில் கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சாவியோ வெல்டர். நசுங்கி வரும் இரும்புப் பெட்டிகளைத் தட்டி நிமிர்த்தி, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்ற வைப்பது வேலை. ஆனால் அவனைத் தெரிந்தவர்கள் பலர் அந்த வேலையை அறிய மாட்டார்கள். அவர்களுக்கு அவன் ஒரு குரல். ஐந்து வருடமாக யூடியூபில், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சீன இயர்போன்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, எது தேறும் எது தேறாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். பார்சல் கொண்டுபோகிறவர்கள், செக்யூரிட்டிகள், பாலிடெக்னிக் பிள்ளைகள். "நம்ம ஆளு வருசத்துக்கு ஒண்ணு தான் வாங்குவான். அது சொத்தையா போவக் கூடாது" என்பான்.

பாட்டு மட்டும் போட்டுக் கேட்டால் போதாது என்பது அவன் கட்சி. தானே பதிவு செய்த சத்தங்களை வைத்திருந்தான். காசிமேட்டில் ஒரு விடியற்காலையில் எடுத்தது அவற்றில் முக்கியமானது. இடது பக்கம் மீன் ஏலம் கூறும் குப்பம்மாவின் குரல், வலது பக்கம் ஐஸ் உடைக்கும் மிஷின். குப்பம்மா "வஞ்சிரம்" என்று சொல்லும்போது அந்த 'ஞ்சி' ஊசியாகக் குத்தினால் ட்ரெபிள் அதிகம். ஐஸ் உடைவது மாவு சலிப்பது போலக் கேட்டால் விவரம் போதவில்லை. மிஷினின் அடிவயிற்று உறுமல் குரலின் மேல் ஏறி உட்கார்ந்தால் பேஸ் மட்டமானது. இந்த மூன்றையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். சொன்னது தப்பியதில்லை.

அந்த வாரம் 'லான்டியே' என்று ஒரு புது இயர்போன் வந்திருந்தது. எம்.கே.பி. நகரில் நவ்ரீன் என்ற பெண் அதை மொத்தமாக வரவழைத்து, இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்கியிருந்தாள். நவ்ரீனை அவனுக்கு மூன்று வருடமாகத் தெரியும். அவன் வீடியோக்களைப் பார்த்துத்தான் அவள் இந்த வியாபாரத்துக்கே வந்தாள். "அண்ணா, ஓசியா குடுத்தேன்னு நல்லதா சொல்லாத. கேட்டதைச் சொல்லு" என்று எழுதி ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள்.

வியாழன் மாலை அதைக் காதில் மாட்டினான். ஐஸ் மிஷின் பளிச்சென்று ஓடியது. குப்பம்மாவின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

ஒயரைக் கழற்றி வேறு ஒயர் மாட்டினான். காதில் பொருந்தும் ரப்பரை மாற்றினான். போனை மாற்றினான். பிறகு, எல்லோரையும் முதலில் செய்யச் சொல்லும் அந்தச் சோதனையைக் கடைசியாகச் செய்தான். இடது பக்கத்ததை வலது காதிலும், வலது பக்கத்ததை இடது காதிலும் மாற்றி வைத்தான்.

குப்பம்மா பக்கத்தில் வந்து நின்று கத்தினாள். இப்போது ஐஸ் மிஷின் மங்கிப் போயிருந்தது.

சாவியோ இயர்போனைப் பிடுங்கி மேசையில் போட்டான். சளி, என்று வாய்விட்டுச் சொன்னான். அழுக்கு அடைத்திருக்கும். தேங்காயெண்ணெயைச் சுட வைத்து இரண்டு சொட்டு விட்டான். மறுநாள் ஆவி பிடித்தான். சனிக்கிழமை வேலைக்கு நடுவில் பத்துத் தடவையாவது இடது காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. போனால் அவர் ஒன்றைச் சொல்வார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் கேமரா முன் உட்கார்ந்தான். வாரம் தவறாமல் வீடியோ போடுகிறவன். என்ன பேசுவது என்று அவன் முடிவு செய்யவில்லை. வாய் பேசியது.

"மக்களே, லான்டியே. வலது பக்கம் அருமை, சும்மா சொல்லக் கூடாது. ஆனா லெஃப்ட் சைடு கம்மி. ரெண்டு பக்கமும் சமமா இல்ல. காசைத் தண்ணில போடாதீங்க."

பேசி முடித்தபோது பாதி நம்பிவிட்டிருந்தான். கோளாறு அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வீடியோவைப் போட்டுவிட்டு, பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவன் எழுதினான்: "கரெக்ட் தல, என்னோடதும் லெஃப்ட் கம்மி தான்." இன்னொருவன்: "நானும் இப்ப தான் கவனிச்சேன்." ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தான். பார், என் காதில் ஒன்றும் இல்லை, இத்தனை பேருக்கும் அப்படித்தான் கேட்கிறது.

புதன்கிழமை யார்டில் ஒரு பெட்டியின் கீழ்ச் சட்டத்தைப் பற்றவைத்துவிட்டு, முகமூடியை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான். பின்னால் வரும் பெட்டி தூக்கும் வண்டியின் 'பீப் பீப்' கேட்டது. வலது பக்கமிருந்து வருகிறது என்று நினைத்து இடது பக்கம் நகர்ந்தான். வண்டி இடது பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. ஓட்டிவந்த டிரைவர் வெற்றி பிரேக்கை மிதித்ததில், தூக்கியிருந்த காலிப் பெட்டி ஒரு ஆட்டம் ஆடி, சாவியோவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"செவுடா நீ?" வெற்றி வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தான். "அம்மாந் தூரத்துலேந்து ஹாரன் அட்ச்சிகினு வரேன். அதுக்குள்ளவே வந்து பூர்றியே!"

"ஏதோ யோசனைல இருந்துட்டேன்டா" என்றான் சாவியோ.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. இரவுச் சோறு போடும்போது மெர்லின் இடது பக்கமிருந்து கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான். குழம்பு போதுமா என்று கேட்டதற்கும் "ம்", அழுதாயா என்று கேட்டதற்கும் "ம்".

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நவ்ரீன் வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. கையில் ஒரு பெரிய துணிப்பை. பையை நடு வீட்டில் கவிழ்த்தாள். லான்டியே பெட்டிகள் சரிந்து விழுந்தன. பாதிக்குமேல் பிரிக்கவே இல்லை.

"எல்லாம் ரிட்டர்ன், அண்ணா. பிரிச்சிக்கூட பாக்கல. சாவியோ சொல்ட்டாரு, வாணாம்ன்றான். நான் முப்பது பீஸ் போட்டுக் கேட்டுட்டேன். எங்கம்மா கேட்டாங்க, தம்பி கேட்டான். ஒரு பீஸ்லகூட லெஃப்ட் கம்மி இல்ல. எனக்குக் காது சரியில்லன்னா சொல்லு, தொழிலை வுட்டுர்றேன். எது கம்மின்னு எடுத்துக் காட்டு."

"ஒரு லாட்டுக்கு ஒரு லாட்டு மாறும்மா..." என்றான்.

"உனக்கு அனுப்பிச்சதை எட்த்தா."

எடுத்து வந்தான். அவள் அதைத் தன் காதில் மாட்டிக் கேட்டாள். மெர்லினிடம் கொடுத்தாள். மெர்லின் சமையலறை வாசலில் நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாரி தான் கீது" என்றாள் மெர்லின், கணவனைப் பார்த்தபடி.

"அண்ணா, கண்ணை மூடு" என்றாள் நவ்ரீன். "என் குரலைப் பதிவு பண்ணி வெச்சிகீறேன். ரெண்டு பக்கமும் ஒண்ணே தான் வரும். நானே மாட்டி வுடறேன். எந்தப் பக்கம் கம்மின்னு மட்டும் சொல்லு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. கண்ணை மூடினான். அவள் மாட்டினாள்.

"லெஃப்ட்" என்றான்.

கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"லெஃப்ட்."

இப்படி ஆறு முறை. ஆறு முறையும் "லெஃப்ட்" என்றான். கண்ணைத் திறந்தபோது நவ்ரீன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் அவள் முகத்தை விட்டுப் போயிருந்தது.

"மூணு தபா மாத்தி வெச்சேன், அண்ணா" என்றாள் மெதுவாக. "லெஃப்ட் பீஸு உன் ரைட் காதுல கீது இப்போ."

"தெரியும்" என்றான்.

மெர்லின் கிட்டே வந்தாள். "இன்னா தெரியும்? எத்தினி நாளா?"

"பன்னெண்டு நாளு."

மெர்லின் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அந்தக் கையை அப்படியே அவன் இடது காதின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே சாவியோவின் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம் என்றான். அழுக்கு அடைத்திருந்தால் அடைத்த பக்கம்தான் அதிகம் கேட்கும் என்று அவர் சொன்னபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தான். இடது காதுக்கு வெகுநேரம் கை சும்மா இருந்தது. வந்த தாளில் ஒரு கோடு மேலே நேராக ஓட, மற்றது கீழே விழுந்து கிடந்தது.

"உள் காது நரம்பு. திடீர்னு இப்படிப் போகும், பல பேருக்குக் காரணம் தெரியாது" என்றார் டாக்டர். "முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா வாய்ப்பு நல்லா இருந்திருக்கும். இப்பவும் முயற்சி பண்ணலாம். மாத்திரை தரேன். செவிப்பறை வழியா ஊசியும் போடுவோம். உறுதி சொல்ல முடியாது."

ஊசி போடும் நாட்களில் படுக்க வைத்து, அரைமணி நேரம் எச்சில் விழுங்காதே என்பார்கள். சாவியோ கூரையைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த ஜெபங்களையெல்லாம் மனதுக்குள் சொன்னான். தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினான். வீட்டுக்கு வந்ததும் இடது காதில் மட்டும் இயர்போனை மாட்டி, கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே ஏறும் ஒரு ஒலியை ஓட விடுவான். முதல் ஊசிக்குப் பிறகு அடியில் ஏதோ உறுமியது. அன்று மெர்லினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டாவது ஊசிக்குப் பிறகும் அதே உறுமல்தான், கூடுதலாக ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஏறியதா, இல்லை ஏறியதாக ஆசை சொல்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. எத்தனையோ பேருக்காகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன காதை, இப்போது எதைச் சொன்னாலும் அவனால் நம்ப முடியவில்லை.

யார்டில் மெர்லினே போய்ச் சொன்னாள். பெட்டிகளுக்கு நடுவே இனி விட முடியாது என்று அவனை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். வண்டி நம்பர் எழுதும் வேலை.

அந்த வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. காது வந்துவிடட்டும், பிறகு மறுபடி கேட்டு முறையாகத் திருத்திப் போடலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள் நவ்ரீன் போன் செய்தாள்.

"எப்டி கீது, அண்ணா?"

"கொஞ்சம் வருது. வந்ததும் வீடியோ போட்டுர்றேன்மா."

"உனக்காக துவா பண்ணிகினு தான் கீறேன். ஆனா உன் காது வர்ற வரிக்கும் என் சரக்கு தான் குத்தவாளியா?"

போனை வைத்துவிட்டு, சாவியோ கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தான். மெர்லினைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னான்.

"மக்களே, லான்டியேல கோளாறு இல்ல. என் லெஃப்ட் காதுல கோளாறு. இது எனக்கு வீடியோ போடறதுக்கு மின்னாடியே தெரியும். தெரிஞ்சிதான் போட்டேன். பயம். வித்த பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, வாங்கினவங்க கிட்ட நல்ல மாலு தான் கீது. இனிமே நான் சொல்றதை நம்பி எதையும் வாங்காதீங்க. அப்பறம் இன்னொண்ணு. திடீர்னு ஒரு காது அடச்சிகிச்சின்னா, எண்ணெய் ஊத்திகினு குந்தாதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

வசவு கொட்டியது. திருடன் என்றார்கள். அனுதாபம் தேட நாடகம் என்றார்கள். இதுவரை அவன் மெச்சிய அத்தனையையும் சந்தேகப்பட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். நான்கு நாட்களில் இரண்டாயிரம் பேர் போய்விட்டார்கள். சாவியோ எதற்கும் பதில் எழுதவில்லை, எதையும் அழிக்கவும் இல்லை. ஒருவன் மட்டும், தன் அக்காவுக்கு இரண்டு நாளாகக் காது அடைத்திருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தான்.

நான்காவது ஊசியும் முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கீழே கிடந்த கோடு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தலை தூக்கியிருந்தது.

"கனமான சத்தம் கொஞ்சம் திரும்பியிருக்கு. பேச்சு இந்தக் காதுல புரியாது. இனிமே பெரிசா மாறாதுன்னு நினைக்கிறேன். வலது காதைப் பத்திரமா பார்த்துக்கங்க."

"இன்னும் ஒரே ஒரு ஊசி சார்" என்றான் சாவியோ. டாக்டர் தலையை அசைத்தார். "சார், ஒண்ணே ஒண்ணு" என்றான் மறுபடி. கதவுக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெர்லின் அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

மருந்து வாங்கும் வரிசைக்கு மெர்லின் போனதும், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். போன் அதிர்ந்தது. நவ்ரீன்.

"இன்னா சொன்னாங்க, அண்ணா?"

"அவ்ளோ தான்னு சொல்ட்டாங்க."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ போனது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இரு என்று அவள் சொல்வது கேட்டது.

"பார்சல் மறுபடி போவுது, அண்ணா. முன்ன மாரி இல்ல, ஆனா போவுது. உன் மேல எனக்கு இன்னும் கோவம் கீது."

"இருக்கட்டும்."

"அண்ணா, கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

அவள் பார்சலுக்கு டேப் ஒட்டும் சத்தம் அவன் வலது காதில் வந்துகொண்டிருந்தது. மெர்லின் மருந்துப் பையோடு திரும்பி வரும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.