தகரம் பறந்த மாலை

தகரம் ஆணியை விட்டுக் கிளம்பும் சத்தத்தைப் பிரேமாவதி அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

பாடாங் மேஹா கிராமத்தில் சாயங்காலம் நாலு மணி. செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று வீட்டைச் சுற்றிச் சுற்றி மோதியது. கூடத்துக் கட்டிலில் அவள் கணவர் சிவநேசன் மேலேயே பார்த்தபடி படுத்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து ஒரு வருஷமாகிறது.

"பிரேமா, அந்த மூலையப் பாரு."

பார்த்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். காற்று அடித்தால் கோடு அகலமாகும், நின்றால் மூடிக்கொள்ளும்.

பழைய அஸ்பெஸ்டோஸ் வெடித்து ஒழுகியபோது ஓடு போடலாம் என்றார் சிவநேசன். ஓட்டின் பாரத்தைப் பழைய கூரை மரம் தாங்காது என்று தகரத்தைத் தேர்ந்தெடுத்தவள் பிரேமாவதி. கூரை போட்ட காளிதாசன் மரத்தையும் மாற்றச் சொன்னார். "இருக்கட்டும்ணே, தகரத்துக்கு அது தாங்கும்" என்றாள். அதன் பிறகு சுவரோரம் தினமும் மாவு மாதிரி தூள் கிடந்தது. கரையான் என்று யோசிக்காமல் பெருக்கித் தள்ளினாள்.

இப்போது அந்த மரம்தான் முறிந்துகொண்டிருந்தது.

"எழுந்திரிங்க. பாத்ரூமுக்குப் போவோம். அங்க மேல சிமெண்டு."

"என்னால ஆவாது. நீ ஓடு."

"பேசாதீங்க!"

போர்வையோடு அவரைத் தரைக்கு இறக்கி இழுத்தாள். கதவு நிலையில் அவர் தோள் மாட்டிக்கொண்டது. பின்னால் படார் படார் என்று தகரம் அடித்தது. மழைத்தண்ணீர் மின்விசிறி வழியாகக் கொட்டியது; மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். மெயின் சுவிட்ச் முன்கதவுப் பக்கம் இருந்தது. அவரைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு அங்கே ஓடி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, விளக்குமாற்றுக் கம்பால் சுவிட்சைத் தட்டினாள். முதல் தட்டு தவறியது. இரண்டாவதில் வீடு இருண்டது.

திரும்பி ஓடி வந்தவள் குளியலறைக் கதவைச் சாத்துவதற்குள் கூடத்துக்கு மேலே வானம் தெரிந்தது. ஒரு பக்கத் தகரம் முழுவதும் சட்டத்தோடு எழும்பி, ஒரு கணம் நின்று, சாலைப் பக்கமாகப் பறந்தது.

எதிரே சைதூன் வீடு. அந்த நேரத்தில் சைதூன் துணி எடுக்க வெளியே வருவாள்.

"யாரையாச்சும் வெட்டியிருந்தா?" என்றாள் பிரேமாவதி. சிவநேசன் இடது கையால் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தன் வீடு போனதைவிட அந்த நினைப்புதான் அவளை நடுங்க வைத்தது. சைதூனைக் கூப்பிட்டாள். காற்று குரலை விழுங்கியது. மறுபடி கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

காற்று தணிந்ததும் வெறுங்காலோடு ஓடினாள். பிய்ந்த தகரத்தில் ஒரு தகடு எதிர்வீட்டு அடுப்படிப் பலகைச் சுவரில் கத்தி மாதிரி செருகி நின்றது. சைதூன் அதன் பக்கத்திலேயே, துணிக்கூடையை மார்போடு அணைத்தபடி, வாய் திறந்து நின்றாள்.

"ஒரு சாண், அக்கா," என்றாள். "ஒரு சாண் தள்ளித்தான் நின்னேன்லா."

பிரேமாவதி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் காளிதாசன் வந்தபோது அவள் வேறு பேச்சுப் பேசவில்லை. "மரம் எல்லாத்தையும் மாத்துங்க. கரையான் மருந்து அடிங்க. ஆணி வேணாம், ரப்பர் வச்ச ஸ்குரு போடுங்க. சட்டத்த இரும்புப் பட்டையால சுவத்தோட கட்டுங்க." ஒவ்வொரு பட்டையையும் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்குருக்களை முடுக்கிவிட்டுப் போக அவரிடம் வாக்கும் வாங்கினாள்.

மறுமாதம் மறுபடி காற்று கிளம்பியது. கூரை ஒரு சத்தமும் போடவில்லை. ஆனாலும் அவள் சிவநேசனைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள்.

"கூர நல்லா நிக்கிது பிரேமா. வெளிய போவலாம்."

"நிக்கட்டும்," என்றாள் அவள், கதவைப் பிடித்தபடி. "மழ விடட்டும்."