நீலமாக வந்த படம்

1

இந்தக் கதை ஒரு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வந்தது, வாசகரே. அக்கா அங்கே ஒரு படத்தை ஒட்டியிருந்தாள். அவளுடைய மார்பை வெப்பக் கேமராவில் எடுத்த படம். அந்தக் கேமரா தோலின் சூட்டை நிறமாகக் காட்டும். சூடு கூடினால் சிவப்பு. அக்காவின் படம் முழுக்க நீலமும் பச்சையும். வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ தேசத்தின் வரைபடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“நசுக்கல, தொடவே இல்ல. தள்ளி நின்னு எடுத்தாங்க. ஒண்ணும் இல்லையாம்,” என்றாள். பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். சூடு சொல்வதை நம்புவாள்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: “மேலாடை இல்லாமல், உடம்பு குளிரட்டும் என்று கால் மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு”

(நிறுத்திவிட்டேன். அந்த நடுக்கத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

இரண்டாவது: “மேமோகிராம் என்கிற எக்ஸ்ரேக்கு மாற்றாக”

(கட்டுரை வாடை.)

ஆனாலும் வழக்கைச் சொல்லாமல் தீராது. கேமராக்காரர்கள் சொல்வது: வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, புற்று வளரும் இடத்தில் ரத்த ஓட்டம் கூடிச் சூடு ஏறும். மருத்துவர்கள் சொல்வது: எல்லாப் புற்றும் தோல்வரை சூட்டை அனுப்பாது, சூடான இடமெல்லாம் புற்றும் இல்லை, மேமோகிராமும் சிலதைத் தவறவிடும்தான், அதற்காக அதன் இடத்தில் இதை வைக்க முடியாது. நான் மருத்துவர்கள் பக்கம். நடுநிலை போல நடித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

3

அக்காவைப் படம் எடுத்த கேமராக்காரியை முதலில் ஏமாற்றுக்காரியாக எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. அவள் தன் சொந்தத் தங்கையையும் அதே கேமராவுக்கு முன்தான் உட்காரவைக்கிறாள். மனதார நம்புகிறவளோடு சண்டை போடுவது சிரமம்.

மேலே நிறம் வந்துவிட்டாலும் கேக்கின் நடுவில் குச்சி குத்திப் பார்க்காமல் அக்கா வெளியே எடுக்க மாட்டாள். உவமை தானாக வந்து மடியில் விழுந்தது. வாசித்துக் காட்டினேன்.

“நான் என்ன கேக்காடா?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்ததையும் உங்களுக்குக் காட்டிவிட்டேன்.)

4

கதையில் விறுவிறுப்பு போதவில்லை. ஆகவே ஒரு பொய் சேர்த்தேன்: “படம் நீலமாக வந்த மறுவாரம், குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.”

நான் வாசித்ததை அக்கா மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். நிமிரவில்லை.

“இடது இல்ல. வலது.”

“கதையிலதானே சொல்ற?” என்றேன்.

மாவு பிசைந்த கை நின்றது. “படத்துல நீலமாத்தானே இருக்கு,” என்றாள். “இருக்குல்ல?”



5

கைக்குக் கட்டி தட்டுப்பட்ட பிறகு விவாதமே கிடையாது; எந்த நிறமும் பதில் ஆகாது. இதைச் சொல்லி மேமோகிராமுக்குக் கூப்பிட்டேன். “மொதல்ல கதையோட முடிவ எழுதிக் கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள். பயத்தை அவள் இப்படித்தான் சொல்வாள்.

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் மருத்துவர், “வெறும் நீர்க்கட்டிதான்” என்கிறார். இன்னொன்றில் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசத் தொடங்குகிறார். இரண்டிலும் மேமோகிராம் அறை வாசலில் நான் உன் கைப்பையை வைத்துக்கொண்டு

(‘உன்’ என்று வந்துவிட்டது. இருக்கட்டும். இத்தனை நேரமும் வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான்.)

நீ போகாத முடிவு ஒன்றும் இருக்கிறது. அதை எனக்கு எழுத வராது, அக்கா. பயமாக இருக்கிறது.

பேக்கரியில் உனக்கு லீவு சொல்லிவிட்டேன். வாசலில் வண்டியோடு நிற்கிறேன். படித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வா.