பதினோராவது மெசின்

கொடிகாமத்துக்குத் தெற்கே ஒரு பாடசாலையில், தொழிற்பிரிவில் சேர்ந்த பதினொரு பிள்ளைகளின் நிழல்களுக்கும் மணிக்கட்டுக்குக் கீழே கை இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு, நரம்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெயிலில் நின்றால் மட்டும் நிழல் மொட்டையாக முடிந்தது.

இது தொடங்கிய நாள் ஊருக்கே தெரியும். உயர்தர வகுப்பில் தொழிற்பிரிவு புதிதாக வந்த ஆண்டு, பதினொரு தையல் மெசின்கள் லொறியில் வந்து இறங்கின. நாடா வெட்டி, பால் காய்ச்சி, அதிகாரிகளுக்கு வடையும் தேநீரும் கொடுத்த பின், பிள்ளைகளை ஆளுக்கொரு மெசினில் கை வைக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பிடித்து முடிந்ததும் கையை எடுக்கச் சொன்னார்கள். அதிபர் தியாகராசா பொலித்தீன் உறைகளை இழுத்து மூடி, அறையைப் பூட்டி, திறப்பைத் தன் மேசை லாச்சியில் வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. புதுச் சாமான் புதிதாகவே இருக்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். அவர் வீட்டுக் கதிரைகளும் பத்து வருடமாகப் பொலித்தீனுக்குள்தான். போகிற ஆட்கள் வழுக்கி வழுக்கி இருந்துவிட்டு வருவார்கள்.

இரண்டு வருடம் பிள்ளைகள் தையலைக் கரும்பலகையில் படித்தார்கள். அவர்களில் கீர்த்திகா நூல் சுற்றும் பொபினை அச்சொட்டாக வரைவாள், தொட்டதில்லை. வாணி விழாவன்று மட்டும் அறை திறக்கும். உறையின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, அவல் கடலை கொடுத்து, மறுபடி பூட்டுவார்கள். பூட்டிய அறைக்குள், கரண்ட் இல்லாத மத்தியானங்களிலும், மெசின்கள் ஓடும் சத்தம் கேட்டது. காவலாளி முதலில் பயந்தார், பிறகு அதை வைத்து நேரம் சொல்லப் பழகிக்கொண்டார்.

படிப்பு முடிந்து கீர்த்திகா சான்றிதழோடு ஒரு தையற்சாலைக்குப் போனாள். அப்பா இல்லாத வீடு. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் தங்கச்சியைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிப்பதாக அம்மா சொல்லியிருந்தார். மெசினில் இருத்தி ஒரு கொலரைக் கொடுத்தார்கள். அவளுக்கு நூல் கோக்கவே தெரியவில்லை. மேற்பார்வையாளர் லவீனா சான்றிதழைப் பார்த்தார், துணியின் மேல் கை நிழல் விழாததையும் பார்த்தார், ஒரு மாதம் தவணை கொடுத்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை கீர்த்திகா ஆத்திரத்தில் அழுதாள்.

அடுத்த நாள் அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், என்ரை கை அந்த அறைக்குள்ளைதான் நிக்குது. திறந்து விடுங்கோ."

"வலயக் கல்வி அலுவலகத்திலையிருந்து ஆரும் வந்து பாத்தால், பிள்ளை?"

"பாக்கட்டும். நாங்கள் தைக்கிறதைப் பாக்கட்டும்."

தியாகராசா லாச்சியைப் பாதி இழுத்தார், மூடினார். பிறகு திறப்பை எடுத்தார். உள்ளே ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு சோடி நிழற்கைகள் துணியில்லாமல் தைத்துக்கொண்டிருந்தன. கீர்த்திகா பொலித்தீனைக் கிழித்தபோது அதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படம் பிடித்த அன்று தொட்ட நான்காவது மெசினில் அவள் கை வைத்தாள். நிழல் குளிர்ந்து விரல்களில் ஏறியது. இரண்டு வருடப் பழக்கமும் அதில் இருந்தது. பின்னேரத்துக்குள் கொலர் தைத்து முடித்தாள்.

மற்ற ஒன்பது பேரும் வந்து தங்கள் கைகளை எடுத்துக்கொண்டார்கள். பதினோராவது மெசினைத் தொட்ட ஜெயசுதன் மட்டும் வரவில்லை. எங்கும் வேலை கிடைக்காமல் அவன் தை மாதமே வெளிநாட்டுக்குப் படகு ஏறியிருந்தான். படகு போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, கவிழ்ந்ததாகவும் தகவல் இல்லை.

இப்போது அறை தினமும் திறந்திருக்கிறது. கீர்த்திகா தையற்சாலையில் வேலை. லீவு நாட்களில் வந்து பதினோராவது மெசினுக்கு எண்ணெய் விடுகிறாள். புதுப் பிள்ளைகள் அதில் இருந்து தைப்பதில்லை. ஜெயசுதனின் அம்மா மகனின் அளவுக்கு வெட்டிய துணியைக் கொண்டுவந்து அதில் இன்னும் ஓடும் நிழற்கைகளுக்குக் கீழே வைப்பார். பின்னேரம் சட்டை தயாராக இருக்கும். தையலில் ஒரு பிழை இராது. ஆனால் எப்போதும் நனைந்திருக்கும், உப்பு மணக்கும்.

"கை ஓடுதெண்டால் ஆள் உயிரோடை இருக்கிறான் தானே, பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

கீர்த்திகா ஓம் என்கிறாள். சட்டையைப் பிழிந்து கொடுக்கிறாள்.