பிடித்தம்

...கேட்டே தீர வேண்டும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்க வேண்டும், யார் வீட்டுச் சம்பளத்தில் யார் கை வைப்பது என்று, சாமுண்டீஸ்வரி இடுப்புக் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள், அதோ ஜன்னலோரம் ஜெயக்கொடி, புருஷன் ஆனந்தராஜின் முதல் பெண்டாட்டி, போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருக்கிறாள், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு மகள், அப்படியே அப்பன் மூக்கு... எங்கே ஆரம்பிப்பது? சம்பளச் சீட்டிலிருந்தா? கல்லூரி பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்த மாதம் சம்பளம் குறைந்து வந்தது, குறைந்ததற்கு நேராகப் ‘பிடித்தம்’ என்று அச்சடித்திருந்தது, அவன் கொடுக்காமல் விட்ட ஜீவனாம்சமாம், கோர்ட் உத்தரவாம், கல்லூரியே பிடித்துக் கட்டிவிடுமாம். பிடித்தம்! அந்தச் சொல்லை முதலில் அவன் வாயில்தான் கேட்டாள், “அவளுக்கும் எனக்கும் பிடித்தம் இல்ல சாமுண்டி,” அதைக் கேட்டுத்தானே இரக்கப்பட்டாள், இரக்கப்பட்டுத்தானே கழுத்தை நீட்டினாள், மகளுக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்றானே, அதையும்தானே நம்பினாள்...

ஜெயக்கொடியை வாய் செத்தவள் என்பான், கையெழுத்துப் போடவே கை நடுங்கும் என்பான், அந்த வாய் செத்தவள்தான் தளவானூரிலிருந்து செஞ்சி கோர்ட்டுக்கு வாய்தா தவறாமல் வந்திருக்கிறாள், எனக்கு வேலையே இல்லை என்று இவன் கூசாமல் சொன்னபோது, ரோட்டோரம் காத்து நின்று, இவன் ஓட்டி வந்த பஸ்ஸில் எழுதியிருந்த கல்லூரிப் பேரைப் படித்துக்கொண்டு போய் ஜட்ஜிடம் சொல்லியிருக்கிறாள், எல்லாம் நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே அவன் திட்டித் திட்டிச் சொன்னதுதான், “கோர்ட் உத்தரவ எடுத்துகினு காலேஜிக்கே வந்துட்டா, மேனேஜரு என்னிய வேலைய விட்டே தூக்குறேன்னாரு, அதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா? வேணாம் சார், அவருக்கு வேல இருந்தாத்தான் எம் பொண்ணுக்குச் சோறுன்றா.” அம்மாடி, என்ன பொம்பளை! சாமுண்டீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது, காட்டிக்கொள்ளாமல் ரசத்தை ஊற்றினாள், அவள் காப்பாற்றிய வேலையில்தானே இந்தக் குழந்தையும் பால் குடிக்கிறது? சாப்பிட்டவன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான், இப்போதெல்லாம் வெளியே போய்த்தான் பேசுகிறான், குரலைத் தாழ்த்தி, முன்பு இவளிடம் பேசிய அதே குரலில்...

பஸ் குலுங்கித் திரும்பியது. ஜெயக்கொடி நிமிர்ந்தாள், பார்த்தாள், இன்னார் என்று தெரிந்துகொண்டாள், முகம் ஒரு கணம் இறுகியது, பிறகு மகளை எழுந்து நிற்கச் சொன்னாள்.

“புள்ளைய வச்சிகினு எம்மா நேரம் நிப்ப, வந்து ஒக்காரு.”

உட்கார்ந்தாள். கேட்க வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று? குழந்தை எட்டி அந்தப் பெண்ணின் ரிப்பனை இழுத்தது, மகள் சிரித்தாள், ஜெயக்கொடியும் சிரித்தாள், சொல்லவே கூச்சமாக இருந்தது, ஆனால் சாமுண்டீஸ்வரிக்கு இவளைப் பிடித்திருந்தது, மிகவும் பிடித்திருந்தது.

“அக்கா... உங்க வக்கீலு ஆபீஸ் எங்க இருக்குது?”

ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கும்மா?”

“சும்மாதான்கா, தெரிஞ்சி வச்சிக்கலாம்னு...” என்றாள், வாய் சொல்லிவிட்டது, ஜெயக்கொடி ஏறியதைப் பார்த்துச் சண்டைக்கென்றுதானே பஸ் ஏறினாள், இல்லை, இதைக் கேட்கத்தான் ஏறினாளா...