இடது பக்கத்து நட்டு

பரிசோதனை நிலையத்தின் இரும்புக் கதவு இன்னும் திறக்கவில்லை. தூறல் நிற்கிற வழியாகவும் இல்லை. இழுத்து வந்த வண்டிக்குள் உட்கார்ந்தபடியே டெலித் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி முதல் கோப்பையைப் புருஷனிடம் நீட்டினாள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தேநீர் உண்டு, அது வேறு கணக்கு. எம்ரிஸ் அதை வாங்கிக்கொண்டு, பின்னால் இழுவண்டியில் கட்டியிருந்த காரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பச்சைக் கார், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது. மூக்கு நீண்டு, முன்சக்கரங்கள் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய உதிரிகளை வீட்டுக் கொட்டகையில் வைத்து அவர்களே பொருத்திக் கட்டிய கார். இன்று பரிசோதகர் சரி என்று சொன்னால்தான் அது ரோட்டில் ஓடலாம். இல்லையென்றால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் கோடை போய்விடும். வேல்ஸில் கோடை என்பதே வந்த சுவடு தெரியாமல் போகிற சமாசாரம்.

கொட்டகையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நட்டை முறுக்குவது எம்ரிஸ். அதைச் சோதித்து, நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின்னை வேண்டிய இடத்தில் செருகி, அதன் இரண்டு காலையும் மடித்து, கடைசியில் நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது டெலித். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முறுக்கின கை கோடு போடக் கூடாது, தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்று சட்டம் போட்டதே அவன்தான்.

அப்படிப்பட்டவன், போன மாதம் கார் சங்கத்தார் கூடுகிற பப்பில் யாரோ கேட்டதற்கு, "முழுக்க நான்தான் கட்டினேன், ஒத்த ஆளா" என்று சொல்லிவிட்டான். பொரித்த மீன் தட்டுகளோடு பின்னால் நின்றவள் காதில் அது விழுந்தது. அவள் தட்டுகளை மேஜையில் வைத்தாளா எறிந்தாளா என்று சங்கத்தில் இன்னும் பேச்சு. மறுநாள் ஸ்வான்சீயில் தங்கை வீட்டுக்குப் போனவள் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினாள். அதற்குள் மிச்சம் இருந்த இடது பக்கத்தை அவனே முடித்து, நட்டுகளுக்கெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியும் மாட்டியிருந்தான். வெளியே தெரிகிற நட்டு நடந்து போகிறவன் முழங்காலைக் கிழித்துவிடக் கூடாதாம், அதற்கு மூடி. பரிசோதனை முடிந்த அன்றே எல்லோரும் அதைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். டெலித் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்பேனா, எனக்கென்ன?

ஆனால் இன்று காலை கொட்டகையில் பிளாஸ்க்கை எடுக்கப் போனபோது, ஸ்பிளிட் பின் பொட்டலம் அலமாரியில் இருந்தது. ஊருக்குப் போகும் முன் அதன் வாயை மடித்துத் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டிருந்தாள். கிளிப் போட்டது போட்டபடி. அப்படியானால் இடது பக்கத்துக்குப் பின் எங்கிருந்து வந்தது? கேட்டால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று குதிப்பான், பழைய சண்டை புதுசாகும். கேட்காவிட்டால்?

"இடது பக்கம் கீழ் ஜாயிண்ட்ல பின் போட்டியா?"

"மஞ்சக் கோடு போட்டிருக்கேன்ல, பத்தாதா?"

"கோடு சரி. பின் இருக்கான்னு கேட்டேன்."

எம்ரிஸ் ஆறிப்போன தேநீரை ஊதினான்.

"எம்ரிஸ்..."

"இல்ல."

அவன் கையை விரித்துக் காட்டினான். விரல் முட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தன.

"விரல் சொன்ன பேச்சக் கேக்கல டெலித். அந்தப் பொடிப் பின்ன மடிக்கறதுக்குள்ள கீழ கீழ விழுது. நீ வந்து போடுவேன்னு விட்டு வெச்சேன். நீ மூஞ்சிய உர்ருனு வெச்சிக்கிட்டு வந்த. எப்படிக் கேக்கறது?"

"வாயத் தொறந்து கேக்கறது!"

"மூடிய மாட்டிட்டா இன்னைக்குத் தப்பிச்சிரலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு..."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்திருக்க. அட மனுஷா, அது நான் உக்கார்ற பக்கம்!"

"அதான் ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

"ஆமா, உன் கொறட்டைய யாரு விட்டா?"

சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் இருந்தது, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கோட்டுப் பையிலிருந்து கிளிப் போட்ட பொட்டலத்தை எடுத்தாள், சின்னக் குறடு ஒன்றை எடுத்தாள், மஞ்சள் பெயிண்ட் பேனாவையும் எடுத்தாள். எம்ரிஸ் வாயைப் பிளந்தான். "அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டியா?" என்றான்.

"குடையப் பிடி."

ஈர இழுவண்டியில் மண்டியிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். மூடியைக் கழற்றினாள். அவன் இழுத்த கோடு புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. பின் நுழைய வேண்டிய துளை நட்டின் வெட்டுக்கு நேராக இல்லை. "இன்னும் கொஞ்சம் முறுக்கு. தளத்திராத," என்றாள். தெரியாதா என்று முணுமுணுத்தபடி அவன் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினான். துளை நேருக்கு வந்தது. பின் சுகமாக உள்ளே போயிற்று. இரண்டு காலையும் மடித்தாள். இத்தனை நாள் இந்த வேலைக்காகத்தான் கை ஏங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் தன் சட்டை நுனியால் நட்டைத் துடைத்துக் கொடுக்க, பக்கத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கோடு இழுத்தாள்.

அதற்குள் இரும்புக் கதவு உருண்டது. மூடியை மாட்டும்போதுதான் கவனித்தாள். நட்டு திரும்பியதில் அவனுடைய கோடு நடுவில் விலகியிருந்தது. சுரண்டி எடுக்க நேரமில்லை, காரை இறக்கி உள்ளே தள்ளினார்கள்.

பரிசோதகர் நெட்டையான ஆள், அதிகம் பேசாதவர். வலது பக்கம் ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். இடது பக்கம் வந்து குனிந்தார். எத்தனையோ மூடி இருக்க, அவர் கை சொல்லிவைத்த மாதிரி அந்த ஒன்றுக்குப் போயிற்று. டார்ச் வெளிச்சம் அங்கேயே நின்றது. ஒருத்தரும் காரைத் தொடக் கூடாது என்று தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள்.

"இந்தக் கோடு ஒடஞ்சிருக்கே? நட்டு நகந்திருக்கா?"

டெலித் வாயைத் திறந்தாள். எம்ரிஸ் முந்திக்கொண்டான்.

"அது நான் போட்டதுங்க, கணக்குல சேக்காதீங்க. முன்பக்கம் பூரா அவ பாத்தது. பக்கத்துல இருக்கே, அதான் அவ கோடு."

டார்ச் ஒரு விரற்கடை நகர்ந்தது. மடித்த பின்னுக்குப் பக்கத்தில், இன்னும் காயாத மஞ்சள் பளபளத்தது. பரிசோதகர் அதைத் தொட்டுப் பார்த்து, "இது சரி" என்று மூடியை மாட்டினார். எழுந்தபோது அவர் கையுறை நுனியிலும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது.