கதவோரம் ஒரு பெட்டி

ஞாயிறு மதியக் கச்சேரி முடிந்து, மெய்ட்லண்ட் பப்பின் பின்வாசலில் வேனை நிறுத்தியபோது, நெவில் இந்த வாரமும் அதையேதான் சொன்னான்.

"என் பெட்டிய கடைசியா ஏத்துங்க. கதவுகிட்டயே இருக்கட்டும்."

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. அவள் பாடுவாள், நெவில் பேஸ் கிட்டார், டெஸ் டிரம்ஸ். 'ஸ்லோ ஃபெரி' என்ற அந்தக் குழு மூன்று பேர்தான். கனமான பேஸ் ஒலிப்பெட்டி எப்போதும் முதலில் ஏறும், டிரம்ஸ் கடைசியில். ஒருவன் தன் சாமானை மட்டும் கதவோரம் வைத்தால் எங்கோ பாதியில் இறங்கப் போகிறான் என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் எத்தனை குழுக்கள் அப்படிக் கலைந்திருக்கின்றன! வெள்ளிக்கிழமை சிட்னியில் அவர்கள் இரண்டாவது ரெக்கார்டு போட வேண்டும். அதற்காக பிஸ்கட் ஃபேக்டரி வேலையைக்கூட விட்டுவிட்டு வந்தவள் அவள், பாவம்.

"வேற குழுவுக்குப் போறான்டா இவன்," என்று டெஸ்ஸிடம் கிசுகிசுத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. சட்டைய பாரு, இஸ்திரி எல்லாம் போட்டிருக்கான். துரை!" டெஸ் சிரித்தான். "நீ போய் அவன்கிட்ட பேச்சுக் குடு. அவன் பெட்டிய அடியில தள்ளி மேல என் டிரம்ஸ அடுக்கிடறேன். எப்படி இறங்குறான்னு பாப்போம். நீ கை வெக்காத, நானே ஏத்திக்கிறேன்."

வழியெல்லாம் லோர்னா நெவிலின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். டெஸ் வண்டியை ஓட்டியபடி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். அவர்கள் பாட்டு எதற்கும் அது பொருந்தவில்லை. ஏதோ புதுசு என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெக்ஸம் பாலத்துக்கு முன்னால், "இங்க நிறுத்து," என்று ரோட்டோர வீடு ஒன்றைக் காட்டினான் நெவில்.

"வந்துட்டாங்களா உன் புது ஆளுங்க?" என்றாள் லோர்னா.

"எந்த ஆளுங்க? பெட்டி ரெண்டு வாரமா உறுமுது, உன் காதுல விழலையா? போன வாரம் வீட்டுக்குப் போயிட்டு நான் தனியா வந்தப்போ பூட்டியிருந்துச்சு. இந்த வீட்டுக்காரர்தான் ரிப்பேர் பண்ணுவார், ஞாயிறு மட்டும்தான் இருப்பார். இத வெச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை எப்படி வாசிக்கிறது?"

நெவில் இறங்கினான், பின்னாலேயே லோர்னாவும். பின்கதவைத் திறந்த நெவில் உள்ளே பார்த்துத் திகைத்தான்.

"யாருடா இத அடியில போட்டது?"

"விடு நெவில், நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றான் டெஸ். இறங்கவில்லை. "இப்ப எல்லாத்தையும் கீழ இறக்கணும்."

"அதனால என்ன? இறக்குறேன்."

நெவில் கோபத்தில் பெரிய டிரம் பெட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். அது தக்கையாகக் கையோடு வந்துவிட, தடுமாறிப் பின்னால் விழப் பார்த்தான். அடுத்ததை லோர்னா எடுத்தாள். ஒரு விரலில் தொங்கியது.

சாலையோரப் புல்லில் இரண்டையும் வைத்தார்கள். லாரி ஒன்று கடந்துபோன காற்றில் பெரிய பெட்டி மெல்ல உருண்டு, மூடி திறந்து காலியாகக் கிடந்தது. டிரம்ஸ் இந்த வேனில் ஏறவே இல்லை. முன் இருக்கையில் டெஸ்ஸின் தாளம் நின்றிருந்தது.