பாவாயிக்கு ஒரு டிக்கெட்

நாளைக்கு மத்தியானம் திருச்சியில் விமானம் ஏற வேண்டும். இன்றைக்குக் காலை பத்து மணிக்குள் யமுனா பெட்டியை மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்த்துவிட்டாள். முதல் தடவை உள்ளேயிருந்து ஓர் ஓணான் குதித்து ஓடியது. இரண்டாம் தடவை பெட்டி இவ்வளவு கனக்கிறதே என்று துழாவினால் துணிக்கு அடியில் அம்மிக் குழவி. மூன்றாம் தடவை ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஐந்து வயதுப் பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் கால் மணி நேரம் சத்தம் இல்லையென்றால் எங்கேயோ எதுவோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளையின் பெயர் பாவாயி. அது யமுனாவின் மாமியார் பெயர். மாமியார் கண்ணை மூடிய மறுவருஷம் பிறந்தவள் என்று, வேறு பேச்சுக்கே இடம் கொடுக்காமல் பிரேம் அந்தப் பெயரை வைத்துவிட்டான். வைத்தவனுக்கு என்ன, அவன் பாட்டுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்டக்கூட யமுனாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு அண்ணனின் மரவள்ளிக் காட்டை மேயவிட்டவளை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஏழு தடவை நாக்கை நீட்டியவளை, "ஏ சாமி" என்று கூப்பிட்டுத் திட்டினால் அது திட்டு மாதிரியா இருக்கும்?

அதனால் இரண்டு மாதமாக அவளிடம் இருந்தது ஒரே ஒரு மிரட்டல்தான். சொன்ன பேச்சு கேட்கவில்லையென்றால் உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் ஏரோப்ளேன் ஏறிவிடுவேன். அண்ணன் பூபாலனும் அதையே சொன்னான். அண்ணி ராதிகாவும் அதையே சொன்னாள். பால்காரர்கூடப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். பாவாயி எல்லோருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். யமுனாவும் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள், ஏனென்றால் அது வெறும் மிரட்டல்.

முந்தாநாள் வரைக்கும்தான் அது வெறும் மிரட்டல்.

மலை மேலே திண்ணனூர் நாட்டில், அவள் பிள்ளையோடு தங்கியிருந்த அண்ணன் வீடு இருக்கிற இடத்தில் போனுக்கு டவர் கிடையாது. யாருக்காவது பேச வேண்டுமானால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி மேலே உள்ள பாறைக்குப் போக வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் யமுனா அங்கே நின்றுதான் பிரேமிடம் பேசினாள். அவன் குரலே சரியில்லை. யமுனா நர்சிங் படித்தவள். அவளுக்கு ஒரு கிளினிக்கில் வேலை வாங்கி, விசா வாங்கி, எல்லாம் கூடி வந்த நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து ஃப்ளாட் அக்கா சொந்த ஊருக்கே போய்விட்டாளாம். யமுனாவுக்குப் பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவனுக்கும் பகல் முழுக்க வேலை. வீடோ நாலாவது மாடி. பால்கனிக் கம்பி இடுப்பு உயரம்தான் இருக்கும். நம் பிள்ளையைப் பற்றித் தெரியாதா, ஒரு வருஷம் மட்டும் அங்கேயே உங்கள் அண்ணனிடம் இருக்கட்டும் என்றான்.

யமுனா பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"சரிங்க. அவள உட்டுட்டே வாரேன். இப்பவே சொன்னா ரகளை பண்ணுவா. கெளம்பறப்ப சொல்லிக்கலாம்."

நாமக்கல்லில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ரமேஷ்குமார், குழந்தை டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுவதாக இருந்தாலும் வைத்துக்கொள்வதாக இருந்தாலும் இன்றைக்கு நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் ஆகாது என்றிருந்தான். இந்த நாலு மணிதான் காலையிலிருந்து யமுனாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். பாவாயியின் கவுன்களை மடித்துப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், சந்தேகம் வரக்கூடாதே என்று மறுபடியும் வைத்தாள். மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்த ராதிகா, எங்கள் இரண்டு பையன்களோடு மூன்றாவதாக இவளும் கிடந்துவிட்டுப் போகிறாள், இதற்குப் போய் மருகுவார்களா என்று தேற்றினாள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் நியாயமாகப் பேசுகிறாளே என்று யமுனாவுக்கு எரிச்சல் வந்தது.

பாவாயி வாசலில் மாமனோடு இருந்தாள். பூபாலன் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். கத்தியில் வழிகிற பாலை அவள் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி வைத்திருந்தாள். பூபாலன் வீட்டில் எது உடைந்தாலும் பலாப்பால்தான். சட்டியில் விரிசலா, வாளியில் ஓட்டையா, பையன் செருப்பு வாய் பிளந்ததா, பலாப்பாலை அனலில் காட்டி அப்பிவிடுவான். இதை வைத்து ஒட்டினால் பிரியவே பிரியாதா மாமா என்று அவள் கேட்டதும், எமனே வந்து இழுத்தாலும் பிரியாது சாமி என்று இவன் பெருமை அடித்துக்கொண்டதும் யமுனாவின் காதில் விழுந்தன. விழுந்து என்ன செய்ய, அவள் மனசு கடிகாரத்தில் இருந்தது.

மூன்றே கால் ஆனது. இனிமேல் யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று யமுனா எழுந்தாள். பாஸ்போர்ட் நம்பரைப் படித்துக் காட்ட வேண்டும் என்று ரமேஷ்குமார் சொல்லியிருந்தான். பீரோ மேல், யாருக்கும் எட்டாத உயரத்தில் வைத்திருந்த மஞ்சள் பையை இறக்கினாள். உள்ளே கையை விட்டாள். இரண்டு பாஸ்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் தடியாக ஒன்றுதான் கைக்கு வந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒன்றின் பின் அட்டையும் மற்றதன் முன் அட்டையும் சேர்த்து அப்பியிருந்தது. ஓரமெல்லாம் பலாப்பால் பிதுங்கிக்கொண்டு நின்றது. பிரித்துப் பார்த்தாள், அசையவில்லை. அடிப்பாவி, நாளைக்குப் பயணம். இரண்டு வருஷமாக மனுஷன் அங்கே ஒண்டியாகக் கிடந்து சேர்த்த பயணம்.

பாவாயி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை. யமுனா அவள் தோளைப் பிடித்து இழுத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இத்தனை குறும்புக்கும் கை நீட்டாதவள், இன்றைக்கு வைத்துவிட்டாள். பிள்ளை அழவில்லை. அடியை எதிர்பார்த்தே நின்றிருப்பாள் போல.

"உள்ள போட்டோ கெட்டுப்போயிரும்னு மேலாலதாம்மா தடவுனேன்" என்றாள்.

"எதுக்குடி தடவுன?"

"நீ பாறை மேல அப்பாகிட்டச் சொன்னியில்ல, என்னைய உட்டுட்டு வாரேன்னு. நான் மரத்து மேல இருந்தேன்." பாவாயி மூக்கை உறிஞ்சினாள். "இப்ப ரெண்டும் ஒண்ணாயிருச்சு. உன்றதக் காட்டுனா என்றதும் கூடவே வந்துரும்."

யமுனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறாள், தெரிந்துகொண்டே பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். ஓணானையும் குழவியையும் பெட்டிக்குள் வைத்தது விளையாட்டா, பெட்டி கட்ட விடாமல் செய்யவா என்று இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் கிளம்பிவிடலாம் என்று திட்டம் போட்டோமே, நாமெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தத் திட்டுக்கு மட்டும் பெயர் சொல்லத் தடை எதுவும் இல்லை.

சத்தம் கேட்டு வந்த பூபாலன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒட்டுகிற வித்தையைச் சொல்லிக் கொடுத்த குற்றவாளி அவன்தானே. பிறகு, பதறாதே அம்முணி, உள்ளே ஒரு தாளும் கெடவில்லை, அட்டை ரெக்சின்தான், தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்திலிருந்து நெகிழ்த்தினால் வந்துவிடும் என்றான். ராதிகா எண்ணெய்ப் பாட்டிலையும் பஞ்சையும் கொண்டுவந்தாள். மணி மூன்று நாற்பது.

யமுனா போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். மிளகுக் கொடி முகத்தில் அடித்தது, செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பத்தைந்து. ரமேஷ்குமாருக்கு மூச்சு வாங்கிக்கொண்டே போன் போட்டாள். அவன் அவசரத்தில் இருந்தான். கேன்சல் பண்ண வேண்டிய குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள் மேடம் என்றான்.

யமுனா இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

"பாவாயி" என்றாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. "கேன்சல் பண்ணாதீங்க. பாவாயி வாரா."

அடுத்து பிரேம். அவன் பதறினான். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, பால்கனி, நாலாவது மாடி என்று பழையதையே திரும்பச் சொன்னான். யமுனா அவனை முழுக்கப் பேச விட்டாள்.

"எனக்கு நைட் டூட்டி கேட்டு வாங்குங்க. பகல்ல நான் பாத்துக்கறேன், ராத்திரி நீங்க பாத்துக்கங்க. நாளைக்குள்ள அந்தப் பால்கனிக்கு வலை அடிச்சுப்போடுங்க."

அப்புறம் நீ தூங்குவது எப்போது என்று அவன் கேட்டான். தூங்காவிட்டால் போகிறது என்றாள். பிறகு அவன் மெதுவாக, வலை எத்தனை அடி உயரம் வேண்டும் என்று விசாரித்தான். மேலே கூரை வரைக்கும் அடிக்கச் சொன்னாள்.

அவள் இறங்கி வந்தபோது இரண்டு பாஸ்போர்ட்டும் தனித்தனியாகத் திண்டின் மேல் கிடந்தன. அட்டையில் பழுப்பாக ஒரு கறை மட்டும் தங்கியிருந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, இதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று பூபாலன் திரும்பத் திரும்பச் சொன்னான். பாவாயி அந்த இரண்டையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். யமுனா அவளைத் தூக்கி மடியில் வைத்து, நீயும் என்கூட வருகிறாய் சாமி, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சத்தியம் என்றாள். பாவாயி "சரி" என்றாள். முந்தாநாள் போனில் யமுனா சொன்ன "சரிங்க" மாதிரியே இருந்தது அது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பூபாலனின் பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். முன்சீட்டில் அண்ணன், நடுவில் பாவாயி, ஓரத்தில் யமுனா. ஒவ்வொரு வளைவாக வண்டி இறங்கியது. வழக்கமாக இந்த ரோட்டில் கண்ணாடியை இறக்குவதும் ஹாரனை அமுக்குவதுமாக ஆட்டம் போடுகிற பிள்ளை, இன்றைக்கு எதையும் தொடவில்லை. யமுனாவின் வலது கையைப் பிடித்த பிடி விடவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டே, வளைவு ஒவ்வொன்றையும் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டு வந்தாள். ஐம்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

மலையடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பூபாலன் வண்டியை ஓரம் கட்டினான். யமுனா இறங்குவதற்குக் கையை எடுத்தாள். கை வரவில்லை. பாவாயியின் உள்ளங்கை அவள் உள்ளங்கையோடு சேர்ந்தே வந்தது. பிள்ளையின் கவுன் பையில் குச்சி மட்டும் மொட்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதில் இருந்த பலாப்பால் உருண்டை முழுக்க இப்போது இரண்டு கைக்கும் நடுவில்.

பாவாயி அண்ணாந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முதுகை மட்டும் கொஞ்சம் குறுக்கிக்கொண்டாள்.

பூபாலன் தலையில் கையை வைத்தான். எண்ணெய்ப் பாட்டில் மேலேயே இருக்கிறது, இங்கே எந்தக் கடையாவது திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று பரபரத்தான்.

"வேண்டாண்ணா" என்றாள் யமுனா. "திருச்சி போயிப் பாத்துக்கலாம்."

டீ வந்தது. அவள் இடது கையாலேயே டம்ளரை வாங்கிக்கொண்டாள்.